திரை முழுக்க ஆச்சரியக்குறி

நெய்வேலியில் பரண் காலியாகும் பருவம் ஒன்று உண்டு. பள்ளித் தேர்வுகள் முடிந்ததும், பணி ஓய்வு பெற்ற குடும்பங்கள் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ சென்னைக்கோ கிளம்பும். வீடு பழுப்பு நிலக்கரி நிறுவனத்துடையது. பரணில் ஏறியது மட்டும் அவர்களுடையது. அதனால் முப்பது வருடப் பொருள் ஒரே நாளில் வாசலுக்கு வரும். அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, படுத்துப்போன டேப்ரிக்கார்டர். அப்படி ஒரு மே மாதம், பக்கத்து வட்டத்து வாசல் ஒன்றில் கீபோர்டும் கணினியும் ஒரே உடலாக இருந்த பெட்டி ஒன்றைப் பார்த்தேன். மேல் வரிசையில் செம்மஞ்சள் நிறத்தில் பத்து விசைகள். அந்த விசைகளைப் பார்த்ததுமே அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"பள்ளிக்கூட ஏலத்துல எடுத்தது தம்பி. காயலான் கடைக்காரன் கிலோக் கணக்குல கேக்கிறான். நீ எடுத்துட்டுப் போ. ஓட வெச்சா எனக்கு ஒரு தடவை காட்டு" என்றார் அந்த வீட்டு மாமா.

அது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்து, 1981 டிசம்பரில் வெளிவந்த கணினி. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் மக்களுக்குக் கணினிக் கல்வி தர நினைத்தபோது தேர்ந்தெடுத்த பெட்டி என்பதால் அந்தப் பெயர். அது நம் ஊர்ப் பக்கம் வந்த கதை பலருக்கு மறந்துவிட்டது. 1984-85-ல் மத்திய அரசின் மின்னணுத் துறையும் என்சிஇஆர்டியும் சேர்ந்து 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. முதலில் சுமார் 250 பள்ளிகள். அவற்றுக்குப் போனது இந்தப் பெட்டிதான். பிறகு மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், உரிமம் பெற்று 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதையே தயாரித்தது. இந்தியாவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முதன்முதலில் விரல் வைத்த கணினிகளில் இது ஒன்று. அதன் பெரும்பகுதி எங்கே போனது என்று தேடினால், கிலோக் கணக்கில்தான் பதில் வரும்.

பழைய கணினி சேகரிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. துடைத்து அலமாரியில் வைப்பவர்கள் ஒரு வகை. ஓட வைப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு வேறு புத்தி வராது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கரமும் சரி, அனல்மின் நிலையத்து டர்பைனும் சரி, ஓடினால்தான் ஊர். முறை வைத்து நிறுத்தி, பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி ஓட்டுவதுதான் இங்கே பாதிப் பேருடைய உத்தியோகம். என் அப்பாவும் மெயின்டனன்ஸில் இருந்தவர். மிஷினுக்கு வயசாகி நிற்பதில்லை, ஏதோ ஒரு பாகம்தான் நிற்கிறது, அது எது என்று பார் என்பார். பழைய கணினிக்கு இது எழுத்துக்கு எழுத்து பொருந்தும். அதில் சாகாமல் கிடப்பது பெரும்பாலும் சிலிக்கான். சாவது அதைச் சுற்றி இருப்பவை: காகிதம், ரப்பர், திரவம், பேட்டரி, தகரப் பூச்சு.

முதலில் காகிதம். கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில், மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். அந்தக் காலத்தில் அதை உலோகம் பூசிய காகிதத்தைச் சுருட்டி, எபாக்ஸியில் அடைத்துச் செய்தார்கள். முப்பது வருடத்தில் எபாக்ஸி மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் அந்த வெடிப்பு வழியாகக் காகிதத்தில் ஏறும். ஈரக் காகிதத்தின் இரு பக்கமும் 230 வோல்ட். கேட்கவா வேண்டும்? முதன்முதலில் நான் ஓட்டிப் பார்த்த வேறொரு பழைய பெட்டி, ஸ்விட்சைப் போட்ட பத்தாவது நிமிடம் வெள்ளைப் புகை கக்கியது. கருகிய மீன் வாடை போல ஒன்று, இரண்டு நாள் அறையை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெட்டி வந்தாலும், ஸ்விட்ச் போடுவதற்கு முன்பே அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிப் புதிது வைத்துவிடுகிறேன். அதே இடத்தில் வைப்பதற்கென்றே தரச்சான்று பெற்ற வகை உண்டு. அதைத்தான் வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும்.

அடுத்தது திரவம். உருளையாக நிற்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகடு ஒன்று சுருண்டிருக்கும். அதன் மேல் அலுமினிய ஆக்சைடு படலம். ஒரு வோல்ட் தாங்குவதற்கு ஒரு நானோமீட்டருக்குச் சற்று மேல் என்ற கணக்கில் அவ்வளவு மெல்லிசு. கெப்பாசிட்டரின் வேலையைச் செய்வது அந்தப் படலம்தான். அதை ஈரமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவம், அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு வழியாக வருடக் கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியிலோ கான்கிரீட் பரணிலோ இருபது கோடைகள் கிடந்த பெட்டிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்னொரு விஷயமும் உண்டு. ரொம்ப நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் ஆக்சைடு படலம் அங்கங்கே நைந்துபோகும். மின்னழுத்தம் கிடைக்கும்போது அந்தத் திரவமே படலத்தை மறுபடி வளர்த்துச் சரிசெய்யும். அதாவது ஓடிக்கொண்டிருக்கும் கெப்பாசிட்டர் தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்கிறது. அலமாரியில் வைத்தால் அந்த வாய்ப்பும் போகிறது.

ஸ்விட்ச் போடும் நாளுக்கு நம் எலக்ட்ரீஷியன்களின் பழைய உத்தி ஒன்றே போதும்: சீரிஸ் பல்பு. அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் தொடரில் இணைப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, மின்சாரத்தைப் பல்பு வாங்கிக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் ஒரு நொடி பளிச்சிட்டு மங்கிவிடும். பல்பின் இழை சூடாகும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறுவதால்தான் இந்த வித்தை நடக்கிறது. எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவருவதால் நான் நான்கைந்து வாங்கி வைத்திருக்கிறேன்.

மாமா தந்த பெட்டியின் பவர் சப்ளையை இப்படித் தனியாகச் சோதித்து, 5 வோல்ட் என்று மீட்டர் காட்டிய பிறகுதான் போர்டில் இணைத்தேன். அந்தச் சிப்களுக்கு 4.75-லிருந்து 5.25 வரைதான் வரம்பு. அதற்குமேல் கணிசமாக ஏறினால் ஒரே நொடியில் போர்டு முழுக்கப் போய்விடும். போர்டில் ஒரு விரல் கனத்துக்கு நம் ஊர்ச் சாம்பல் தூசி. தூசி சும்மா இருப்பதில்லை, ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதனால் சாக்கெட் கால்கள் கறுத்திருந்தன. தூரிகையால் தட்டி, சாக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு சிப்பையும் நெம்பி எடுத்து மறுபடி அழுத்தினேன். காலும் சாக்கெட்டும் உரசும்போது மேலே படிந்த ஆக்சைடு சுரண்டப்படும். பழைய கணினிகளில் பாதி 'மரணங்கள்' இந்த ஒரு வேலையில் எழுந்து உட்கார்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இது உட்கார்ந்தது. ஆனால் பேச்சு தடுமாறியது. 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் 'சிசிசி' என்று தொடங்கின. 32 என்பது 33 ஆகியிருந்தது. மிச்சமிருந்த வெற்றுத் திரை முழுவதும் ஆச்சரியக்குறி. கட்டளைக்குக் காத்திருக்கும் அம்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். ஏனென்றால் இது குழப்பம் இல்லை, துல்லியமான வாக்குமூலம். கணினிக்கு எழுத்தெல்லாம் எண். ஆங்கில 'பி' என்றால் 66, 'சி' என்றால் 67. இருமத்தில் எழுதினால் 01000010, 01000011. கடைசி இலக்கம் ஒன்றுதான் வித்தியாசம். '2' என்ற குறி 50, '3' என்ற குறி 51. வெற்றிடம் 32, ஆச்சரியக்குறி 33. அம்புக்குறி 62, கேள்விக்குறி 63. இரட்டைப்படை எண் ஒவ்வொன்றும் அடுத்த ஒற்றைப்படையாகியிருக்கிறது. ஏற்கெனவே ஒற்றைப்படையாக இருந்த 'சி', '3' போன்றவை மட்டும் தப்பித்திருக்கின்றன. கடைசி பிட் எங்கேயும் பூஜ்யமாக மறுக்கிறது என்று பொருள்.

இந்தப் போர்டில் நினைவகம் 32 கிலோபைட். அது 16 சிப்களில் இருக்கிறது, எட்டு எட்டாக இரண்டு வரிசை. ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்களையும் வரிசையின் எட்டுச் சிப்கள் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து வைத்திருக்கும். கணினி தன் சொந்தக் கணக்கு வழக்கை முதல் 16 கிலோபைட்டில் வைக்கிறது. தொடக்கத் திரைக்கான எழுத்துகள் இரண்டாவது 16-ன் கடைசி ஒரு கிலோபைட்டில் இருக்கின்றன. பெட்டி தடங்கலின்றி எழுந்து பேசுகிறது என்றால் முதல் வரிசை நலம். திரை மட்டும் பிறழ்கிறது என்றால் கோளாறு இரண்டாம் வரிசையில், கடைசி பிட்டுக்குரிய சிப். பதினாறில் ஒன்று. ஆசிலாஸ்கோப் இல்லை, சோதனைக் கருவி எதுவும் இல்லை. காகிதமும் பென்சிலும்தான்.

இதற்காகத்தான் நான் இந்தப் பெட்டிகளை விரும்புகிறேன். இதற்குள் இருக்கும் 6502 செயலியில் சுமார் 3,500 டிரான்சிஸ்டர்கள். 1975-ல் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்து, வீட்டுக் கணினி என்ற ஒன்றையே சாத்தியமாக்கிய சிப் அது. இன்று சட்டைப் பையில் இருக்கும் போனின் சிப்பில் ஆயிரம் கோடிக்கும் மேல். போன் கெட்டால் அதன் திரை எதையும் ஒப்புக்கொள்வதில்லை, கறுத்துப்போகிறது. இந்தப் பெட்டியை ஒரு மனிதன், ஒரே மனிதன், வாசலிலிருந்து கொல்லை வரை தெரிந்துகொள்ள முடியும்.

அந்த நினைவகச் சிப்பைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்ல எனக்கு ஓர் உவமை கைவசம் உண்டு. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. பம்புகள் இரவும் பகலும் அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கிறது. நிறுத்தினால் தரை பிளந்து நீர் ஏறிவிடும். இந்த வகை நினைவகமும் அப்படித்தான். ஒவ்வொரு பிட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கெப்பாசிட்டரில் நிற்கும் மின்னூட்டம். அது கசியும். சில மில்லிநொடிகளுக்குள் ஒருமுறை படித்து, திரும்ப நிரப்பாவிட்டால் 1 எல்லாம் கரைந்து போய்விடும். எனவே யாராவது ஓயாமல் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிபிசி மைக்ரோவில் அந்த வேலைக்கென்று தனி ஆள் இல்லை. நினைவகம் செயலிக்கு ஒருமுறை, திரைச் சுற்றுக்கு ஒருமுறை என்று மாறி மாறித் திறக்கிறது. படத்தைத் தீட்டுவதற்காகத் திரைச் சுற்று ஓயாமல் படிக்கிறதே, அந்தப் படிப்பே நினைவகத்தை நிரப்பியும் விடுகிறது. திரை வரைவதுதான் ஞாபகத்தைக் காப்பாற்றுகிறது. இதை வடிவமைத்தவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

சந்தேகித்த சிப்பின் முதுகில் நல்ல சிப் ஒன்றைக் காலுக்குக் கால் பொருத்தி அழுத்திப் பிடித்தேன். ஆச்சரியக்குறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் மறைந்தன. நல்ல சிப் இன்னொரு செத்த போர்டிலிருந்து கழற்றியது. இங்கே ஒரு எச்சரிக்கை. இதில் இருப்பது 4816. பார்க்க அதே போல இருக்கும் 4116 வேறு. அதற்கு 12, 5, மைனஸ் 5 என்று மூன்று வோல்டேஜ் வேண்டும். எண்ணில் ஓர் இலக்கம்தானே என்று மாற்றி வைத்துவிடக்கூடாது. பழைய சிப்பை எடுக்கும்போது அதைக் காப்பாற்ற நினைக்கவும் கூடாது. கால்களை வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடு காட்டி உருவினால்தான் போர்டின் செம்புத்தடம் உரியாமல் மிஞ்சும்.

மற்ற பெட்டிகளுக்கு மற்ற நோய்கள். 1990-களில் அலுவலகங்களுக்கு வந்த 286, 386 கணினிகள் யாரிடமாவது கிடைத்தால், தேதியை ஞாபகம் வைக்கும் குட்டி நிக்கல்-காட்மியம் பேட்டரியை முதல் வேலையாக வெட்டி எடுங்கள். அதிலிருந்து கசிவது காரம். பச்சைப் பொருக்காகப் படர்ந்து செம்பைத் தின்றுவிடும். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ பஞ்சில் தொட்டு ஒற்றினால் நுரைத்து அடங்கும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும். முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஈப்ராம் சிப் இருந்தால் அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். அந்த ஜன்னல், உள்ளே பதிந்திருப்பதைப் புற ஊதாக் கதிர் காட்டி அழிப்பதற்காக வைத்தது. நேரடி வெயில் ஒரு வாரத்தில் அழித்துவிடும். டியூப் லைட்கூட மூன்று வருடத்தில் அழிக்கலாம். படக்குழாய் மானிட்டரைத் திறப்பதாக இருந்தால், அனுபவமுள்ள டிவி மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் திறக்க வேண்டாம். உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நெடுநேரம் தங்கலாம். பெட்டி மஞ்சளித்துப் போயிருப்பதைச் சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெளுக்கிறார்கள். நான் செய்வதில்லை. அந்த மஞ்சள், வெயிலும் காற்றும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து எழுதிய வருடக்கணக்கு. அது அப்படியே இருக்கட்டும்.

பிபிசி மைக்ரோவைக் காப்பாற்ற எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைப் படைத்தவர்களில் இருவர் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர். 6502-க்கு அடுத்து என்ன என்று தேடி, திருப்தியாக எதுவும் கிடைக்காமல், தாங்களே ஒரு செயலியை வடிவமைத்தார்கள். அதன் கட்டளைத் தொகுப்பு சரியாக வருமா என்று வில்சன் முன்கூட்டியே ஒத்திகை பார்த்தது பிபிசி மைக்ரோவில், பேசிக் மொழியில், 808 வரிகளில். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் ஓடியது. அது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது. பார்த்தால், சிப்புக்கு மின்சாரமே இணைக்கப்படவில்லை. சமிக்ஞைக் கம்பிகள் வழியே கசிந்த துளி மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிப்தான் ஆர்ம். இன்று உலகத்தின் போன்களில் பெரும்பாலும் எல்லாவற்றிலும் இருப்பது அதன் வம்சம். காயலான் கடைக்குப் போகவிருந்தது அந்த வம்சத்தின் தாய்வீடு.

ஜூலையில் புத்தகக் கண்காட்சிக்கு மாமா ஊரிலிருந்து வந்தார். ஏழாவது படிக்கும் பேத்தியும் கூட வந்திருந்தாள். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்திதான் என்னிடம் கேட்டாள்: "இதுல தமிழ் வருமா மாமா?"

உள்ளே தமிழ் இல்லை. ஆனால் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும். தொடக்கத் திரையை விட்டு வேறு திரை முறைக்கு மாறினால், இந்தப் பெட்டியில் ஒரு எழுத்து என்பது எட்டுக்கு எட்டு கட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எந்தக் கட்டம் எரிய வேண்டுமோ அவற்றைக் கூட்டினால் அந்த வரிசையின் எண். அவளுக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். 'ட' முதலில் வந்தது: 0, 64, 64, 64, 64, 64, 126, 0. விடியு 23 என்ற கட்டளையில் 224-ஆம் எழுத்தாக இந்த எட்டு எண்களையும் கொடுத்தோம். திரையில் 'ட' நின்றது. 'ப' அவளே போட்டாள்: 0, 66, 66, 66, 66, 66, 126, 0. 'ழ' கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டோம். மூன்று தரம் அழித்து வரைந்தும் கீழே வளையும் வாலுக்கு வரிசை போதவில்லை. கடைசியில் அவளே, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு எழுத்து வைத்தால் என்ன என்றாள். மேல் பாதிக்கு எட்டு எண், வாலுக்கு எட்டு எண்.

கரண்ட் போனால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் போய்விடுமே, எப்படி வைத்துக்கொள்வது என்பது அவளுடைய அடுத்த கேள்வி. கேசட்டில். பூஜ்யம் என்றால் 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை, ஒன்று என்றால் 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலைகள். நொடிக்கு 120 பைட். அவள் போனில் எடுத்த மூன்று மெகாபைட் படம் ஒன்றை இதில் பதிவு செய்ய ஏழு மணி நேரம் ஆகும், ஏறக்குறைய ஒரு ஷிப்ட். நாங்கள் வைத்திருந்ததோ ஒரு நொடிச் சமாச்சாரம். அன்றைக்கு மாமா பரணிலிருந்து இறக்கிய டேப்ரிக்கார்டருக்கும் புது பெல்ட் போட்டு வைத்திருந்தேன். ரிக்கார்டை அழுத்திவிட்டு ரிட்டர்னை அழுத்தச் சொல்லித் திரை காத்திருந்தது. ரிக்கார்டை மாமா அழுத்தினார். ரிட்டர்னை அவள் அழுத்தினாள்.